நானூற்றுப் பதினோராம் பக்கம்

செவ்வாய்தோறும் படகில் போகிறேன்.
தீவுக்கு இருபது நிமிடம், மழையென்றால் நாற்பது.
எப்போதும் மழைதான்.
நூற்றறுபது புத்தகம், ஒரு தார்ப்பாய்,
கையெழுத்து வாங்க ஒரு நோட்டு.

சிலோயேக்குக் கிழக்கே சிதறிக் கிடக்கும் தீவுகளில்
இந்தக் குளிர்காலம் முழுக்க எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்:
ஏழு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும்
ஏதோவொரு விலங்கோடு உயிர்முடிச்சு விழும் நாடு,
நீர்நாயோடு முடிச்சு விழுந்த ஒருத்தி,
ஐந்நூறு பக்கம்,
அட்டையில் டீசல் கறை. கறை என்னுடையது.

முதலில் வாசித்தவள் யாஸ்னா.
திருப்பித் தரும்போது மூக்கு சிவந்திருந்தது.
சளி என்றாள்.
ஒதிலியா டீச்சர், இருநூறு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய கதை,
மீதியெல்லாம் பனியும் பெருமூச்சும் என்றார்.
சொல்லிவிட்டு இன்னும் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.
அவர் மகன் பிராவுலியோவுக்கு ஒன்பது வயது.
"எனக்கு மட்டியோடுதான் முடிச்சு விழும்.
கல்லில் ஒட்டிக்கொள்வேன்.
பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை."

எலியேசர் மூன்று வாரம் எதுவும் சொல்லவில்லை.
சால்மன் பண்ணையில் முக்குளிப்பவன்.
வலைக்கூண்டின் அடியில் தங்கும் செத்த மீன்களை
அள்ளி மேலே அனுப்புவது அவன் வேலை.
நாளுக்கு முந்நூறு, சில நாள் ஆயிரம்.
நான்காம் வாரம் கயிற்றைப் பிடித்தபடி
படகைப் பார்த்துப் பேசினான், என்னைப் பார்க்காமல்:
"போன வருடம் ஒரு கடல்சிங்கம் வலையில் சிக்கியது.
அறுத்து விட்டேன். அதற்குள் மூச்சில்லை.
கண் திறந்தே இருந்தது.
கதையில் அந்தப் பெண் கண்ணை மூடிவிடுகிறாள்.
எனக்கு அது தோன்றவே இல்லை."
புத்தகத்தை நீட்டினான்.
எண்ணிப் பார்க்காமல் வாங்கி அடுக்கினேன்.

பிறகு நோல்பெர்த்தோ. பன்றி வளர்ப்பவர்.
துறையில் எல்லோரும் கேட்கச் சொன்னார்:
"எழுதினவர் ஒரு பன்றிகூட வளர்த்தது கிடையாது.
நீர்நாய் இருமுகிறது, மடியில் தலை வைக்கிறது,
அடுத்த பக்கம் அவள் பாட்டுக்குக் கரையில் நடக்கிறாள்!
அது ஆற்றோடு போய்விட்டதாம், முடிச்சு அவிழ்ந்ததாம்.
அவ்வளவு சுலபமா?
நான் பெயர் வைக்காமல்தான் வளர்க்கிறேன்.
ஜூனில் வெட்டுகிறேன்.
வெட்டுகிற அன்றைக்குக் காபி தொண்டையில் இறங்காது.
அதை எழுதட்டுமே."

"போகவில்லை, செத்தது" என்றாள் யாஸ்னா.
"எங்கே செத்தது?"
"அவள் கையில்."
"நான் வாசித்ததில் இல்லை."
"கண்ணாடியை மாற்றுங்கள்."
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
பிரித்தேன்.
நானூற்றுப் பத்து. அடுத்தது நானூற்றுப் பதிமூன்று.
கிழிசல் இல்லை. நனைந்த வலையையே அறுக்கும் கத்திக்கு
ஒரு தாள் எம்மாத்திரம்.

மழை வலுக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

சேதம் என்றொரு பத்தி உண்டு நோட்டில்.
டீசல் என்று மட்டும் எழுதினேன்.
எலியேசர் அன்று வேறொன்று எடுத்துப்போனான்,
தக்காளி பயிரிடுவது பற்றி.

ஆகஸ்டில் நகரத்திலிருந்து புதுப் பிரதி வந்தது.
நோல்பெர்த்தோ வீட்டுக்கு எடுத்துப்போக மறுத்துவிட்டார்.
ஒரே ஒரு தாள்தானே என்று
தார்ப்பாயைத் தலைமேல் பிடித்துக்கொண்டு
படகிலேயே நின்று வாசித்தார்,
உதடு அசைய, முன்னும் பின்னுமாக, மெதுவாக.
மூடி என் கையில் தந்தார்.
இறங்கும்போது ஒரு கால் படகிலும் ஒரு கால் துறையிலும்:

"பன்றி இல்லை.
ஆனால் எதையோ வளர்த்திருக்கிறார்."